எதிர்வீட்டு அடுப்படி வரை

ஜனவரி 19

கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலையை விட்டு அல்ல. கையில் இருந்த பிராஜெக்ட் முடிந்துவிட்டது, அடுத்தது ஏப்ரலில் வருமாம், அதுவரை காத்திருக்க வேண்டுமாம். பெங்களூரில் காத்திருப்பதைவிடத் திருநெல்வேலியில் காத்திருந்தால் சாப்பாடாவது உருப்படியாகக் கிடைக்கும். தினமும் எழுதிவைப்பது சாப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் வந்த பழக்கம். என்ன செய்தோம், எது உடைந்தது, அவ்வளவுதான். கவிதை எல்லாம் இங்கே வராது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அப்பா ஒரு காகிதக் கட்டைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார். முடுக்கு கேஸ்.

எனக்கே குழப்பம் வராமல் இருக்க எழுதிவைக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு சந்து, எங்கள் ஊரில் முடுக்கு, தெருவிலிருந்து உள்ளே வருகிறது. தாத்தா சொத்தைப் பிரித்தபோது அது சித்தப்பா பங்கில் போயிற்று. எங்கள் பக்கவாட்டுக் கதவு அதில்தான் திறக்கும். சித்தப்பாவுக்கு மாடி கட்ட ஆசை. மாடிப்படியை முடுக்கில் இறக்க வேண்டும், அதனால் கதவை அடைக்கச் சொன்னார். முன்சீப் கோர்ட்டில் நாங்கள் ஜெயித்தோம். சப் கோர்ட்டில் அவர் ஜெயித்தார். "முன்வாசல் இருக்கிறது, பக்கவாசல் வெறும் சௌகரியம்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மதுரை ஹைகோர்ட் கிளையில் எங்கள் இரண்டாம் மேல்முறையீடு. அங்கே தோற்றால் கதவு இருக்கும் இடத்தில் செங்கல்.

என் அக்கா கோமதிக்குச் சின்ன வயதில் போலியோ. முன்வாசலில் ஐந்து படி, அதற்குக் கீழே சாக்கடை ஓடும் வாறுகால், அதைத் தாண்டித் தெரு. அவள் பக்கச்சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் முடுக்கு வழியாகத்தான் போவாள், வருவாள். பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறாள். கதவு போனால் காலையும் மாலையும் யாராவது அவளைத் தூக்கிப் படியிறக்க வேண்டும். தூக்கத்தான் வேண்டும் என்றால் அவள் வீட்டை விட்டே கிளம்பமாட்டாள். அவள் குணம் அப்படி.

கேஸ் இவ்வளவுதான். இதற்கு எதற்கு இவ்வளவு காகிதம்?

ஜனவரி 21

வக்கீலைப் பார்த்தேன். பழைய வக்கீல் உடம்பு முடியாமல் ஒதுங்கிவிட்டதால் அவர் ஜூனியராக இருந்த இசக்கியப்பன்தான் இப்போது பார்க்கிறார். அக்கா வயது இருக்கும். கோர்ட்டுக்குப் பின்னால் ஆபீஸ். வாசலில் வழுக்குகிற மாதிரி இரண்டு படி. ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். எனக்குக் கொட்டாவி வந்தது.

"இதே மாதிரி விஷயத்துல ஹைகோர்ட் முன்னாடி என்ன சொல்லியிருக்குன்னு எடுத்துக் காட்டணும் சார். தேடிக்கிட்டு இருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"குடுங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 22

ஒரு மணி நேரத்தில் முடியவில்லை.

ஹைகோர்ட் தீர்ப்புகள் இருக்கும் இந்த இணையதளத்தை எழுதியவன் என் டீமில் இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கோணல்மாணலாக ஆறு எழுத்தைக் காட்டி அடிக்கச் சொல்கிறது. ஒன்று தப்பினாலும் நாம் நிரப்பிய அத்தனையையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. "வழி", "அவசியம்" என்று போட்டால் தமிழ்நாட்டில் சண்டை போட்ட அத்தனை அண்ணன் தம்பியும் வந்து நிற்கிறார்கள். பாதி, ஸ்கேன் செய்த படங்கள். அவற்றில் தேடவே முடியாது.

அம்மா: "காலைலருந்து கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு இருக்கியே, வேலை கெடைச்சிருச்சா?"

ஜனவரி 28

தீர்ப்புகளைப் படிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். முழுவதும் படிக்கக் கூடாது. நமக்கு வேண்டிய சொல் எந்தப் பத்தியில் வருகிறதோ அதை மட்டும் பார்க்க வேண்டும். ஒரே காலையில் நாற்பது முடித்தேன். இசக்கியப்பன் ஒரு மாதத்தில் பதினைந்து.

மாலை அவரே வீட்டுக்கு வந்தார். ஒரு மனுவில் அப்பா கையெழுத்து வேண்டுமாம். அப்பா இந்நேரம் பைப் கடையில் இருப்பார் என்று ஊருக்கே தெரியும். "பரவால்ல, வெயிட் பண்ணுதேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அக்கா அப்போதுதான் வந்திருந்தாள். இருவரும் பழைய டைப்ரைட்டரின் ரிப்பனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ரிப்பனைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?

பிப்ரவரி 2

கிடைத்துவிட்டது!

பத்தி 9. "ஒருவர் தன் வீட்டிலிருந்து வெளியேறப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய வழியை, வேறு வழி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அடைத்துவிட முடியாது." எங்களுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. மஞ்சள் பூசி, பிரிண்ட் எடுத்து, இசக்கியப்பன் மேசையில் வைத்தேன்.

"இது போதும். மிச்சத்த நீங்க பாத்துக்கிடுங்க."

அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா தேடியிருக்கீங்க சார். கட்டு எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். பாராட்டக்கூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் சித்தி மதில்மேல் ஒரு தூக்குவாளியை நீட்டிக்கொண்டிருந்தாள். உளுந்தங்களி. ஒன்பது வருடமாகக் கேஸ் நடக்கிறது, ஒரு தடவைகூடக் களி நின்றதில்லை. பின்னால் சித்தப்பா பல் குத்திக்கொண்டு நின்றார்.

"என்னலே இஞ்சினியரு, கம்ப்யூட்டர்ல தீர்ப்பு தேடுதியாமே? கெடைச்சுதா?"

"கெடைச்சிருச்சு சித்தப்பா. இனிமே ஒங்களுக்கு மாடிப்படி ஆகாசத்துலருந்துதான்."

"அப்படியா! எந்தக் கேஸு?"

நம்பரைச் சொன்னேன், வருடத்தோடு. தெரியட்டுமே. உண்மையை மறைக்க நான் என்ன வக்கீலா?

களி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 7

இசக்கியப்பன் இந்த வாரம் மூன்றாவது தடவையாக வந்துபோனார். முதல் நாள் பிரிவினைப் பத்திரத்தின் நகல் வேண்டுமென்றார். அடுத்த நாள் நகல் தெளிவாக இல்லை என்றார். இன்றைக்கு என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். அதற்குள் அக்கா காப்பி போட்டுவிட்டாள். குடித்துவிட்டுப் போய்விட்டார். இப்படி இருந்தால் கேஸ் எப்படி நகரும்?

பிப்ரவரி 10

அவர் ஆபீஸ் வாசலில் படிக்குப் பக்கத்தில் புதிதாகச் சிமெண்டுச் சரிவு கட்டியிருக்கிறார். வயதான கட்சிக்காரர்களுக்கு நல்லதுதான், ஆனால் கட்டியது தப்பு. என் பையில் எப்போதும் அப்பா கடை அளவு டேப் இருக்கும். அளந்து பார்த்தேன்.

"என்ன சார் இது, சறுக்கு மரமா? ஓரடி ஒசந்தா பன்னெண்டடி நீளம் இருக்கணும். நீங்க ஏழு அடி விட்டிருக்கீங்க. வண்டி ஏறாது, ஏறுனாலும் மல்லாந்துரும்."

"அப்படியா? ஒடச்சிட்டு மறுபடி கட்டச் சொல்லுதேன்."

நான் திட்டினால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். இந்த மனிதர் குறித்துக்கொண்டார். ஜூனியர்கள் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 14

அக்கா வர லேட். டிராபிக்காம். அந்த ரோட்டில் எருமை மாட்டைத் தவிர டிராபிக் கிடையாது.

பிப்ரவரி 17

நான் ஒரு முட்டாள்.

காலையில் சித்தப்பா தெருவில் என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டார். "நம்பர் குடுத்தியே, ரொம்ப தேங்க்ஸ்டே. எங்க வக்கீல் படிச்சுட்டுச் சிரியோ சிரின்னு சிரிக்காரு. அவரும் அதைத்தான் கோர்ட்டுல குடுக்கப் போறாராம்."

என் தீர்ப்பை எதற்கு அவர் கொடுக்க வேண்டும்? வீட்டுக்கு ஓடிப்போய் அந்தத் தீர்ப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். முழுவதும்.

நீதிபதிகள் தீர்ப்பு எழுதும் முறை இதுதான்: முதலில் கதை. பிறகு இந்தப் பக்கத்து வக்கீல் என்ன சொன்னார் என்று பல பத்தி, அந்தப் பக்கத்து வக்கீல் என்ன சொன்னார் என்று பல பத்தி. நீதிபதி வாயைத் திறப்பதே அதற்கெல்லாம் பிறகுதான். "மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் பின்வருமாறு வாதிட்டார்" என்று பத்தி 5-இல் ஆரம்பித்தது பத்தி 11 வரை ஓடுகிறது. நான் மஞ்சள் பூசிய பத்தி 9 அதற்கு நடுவில் இருக்கிறது. அது தீர்ப்பே இல்லை. தோற்றவனின் வக்கீல் பேசியது. கடைசி வரி: மேல்முறையீடு தள்ளுபடி.

தோற்றவன் புலம்பியதை எடுத்து வைத்துக்கொண்டு நான் ஆடியிருக்கிறேன். ஆடியதோடு நிற்காமல் எதிராளிக்கு நம்பரும் கொடுத்திருக்கிறேன்.

அக்கா கேட்டாள், "ஏன்டே மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டாள். முடுக்கில் வைத்து வெகுநேரம் துடைத்தாள். அதில் தூசியே இல்லை.

பிப்ரவரி 18

இசக்கியப்பனிடம் போய் நேராகச் சொன்னேன். "நான் குடுத்தது நமக்கு எதிரான தீர்ப்பு. நம்பரையும் சித்தப்பாகிட்ட ஒளறிட்டேன்."

"எதிரானதுன்னு தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீங்க குடுத்த அன்னைக்கே. கடைசிப் பக்கத்தத்தானே மொதல்ல பாப்போம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் அத்தனை தடவ வீட்டுக்கு வந்தேன். முடியல."

"அதுக்கு எதுக்கு வீட்டுக்கு வரணும்? போன் இல்லையா?"

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "கோமதி சொன்னாங்க, நீங்க இவ்வளவு சந்தோஷமா இருந்து பாத்ததில்லன்னு... மேடம் சொன்னாங்க. அதான்." பிறகு கட்டைத் தட்டி என் பக்கம் தள்ளினார். "நம்பர் போனது போகட்டும் சார். நாம சொல்லலைன்னாலும் அவங்க தேடிருப்பாங்க. இப்ப இதத் தாண்டணும். நீதிபதி ஏன் தள்ளுபடி பண்ணாருன்னு பாருங்க. முடிவ இல்ல, காரணத்த."

சரிவைத் திருத்திக் கட்டியிருக்கிறார். சுவரோரமாக வளைத்து நீளம் கொண்டுவந்திருக்கிறார். அளந்தேன். சரியாக இருந்தது.

பிப்ரவரி 20

நான்கு தடவை படித்தாயிற்று. ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: இதை எழுதிய நீதிபதி நல்ல இஞ்சினியராக வந்திருப்பார். ஒரு வரி வீண் கிடையாது. ஒவ்வொரு பத்தியும் முந்தைய பத்தியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கேஸில் ஒருவர் பக்கத்துத் தென்னந்தோப்பு வழியாக ரோட்டுக்குப் போய்வந்தார். தோப்புக்காரர் வேலி போட்டார். அவருக்குச் சுற்றிப் போக இன்னொரு பாதை இருந்தது. அதனால் தோற்றார். ஆனால் நீதிபதி பத்தி 16-இல் சொன்ன காரணம் இது: "தூரம் அதிகம் என்பது வழியே இல்லை என்றாகாது. கேட்பவரால் பயன்படுத்தக்கூடிய வேறு வழி இருக்கும்வரை இந்த உரிமை எழாது."

கேட்பவரால் பயன்படுத்தக்கூடிய.

தோப்புக்காரரின் எதிராளிக்குக் கால் இருந்தது. சுற்றி நடந்தார். அக்காவால் ஐந்து படி இறங்க முடியாது. சப் கோர்ட் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது? "வேண்டுமானால் முன்வாசலில் சரிவு கட்டிக்கொள்ளலாம்." ஒரே வரி. கட்ட முடியுமா என்று யாரும் கணக்குப் போடவில்லை.

இடத்தை அளக்க முன்சீப் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் வரைபடம் கேஸ் கட்டிலேயே இருக்கிறது. ஐந்து படியின் உயரம் இரண்டே முக்கால் அடி, தெருவின் அகலம் பன்னிரண்டு அடி. ஒன்பது வருடமாக இரண்டு எண்ணும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டே முக்காலைப் பன்னிரண்டால் பெருக்கினால் முப்பத்து மூன்று அடி. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் வாறுகாலைத் தவிர இடமே இல்லை, பக்கவாட்டில் வளைக்கவும் முடியாது. சரிவு நேரே போய்த் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் நுழையும்.

எங்கே போய் முடியும் என்று பார்த்தாக வேண்டும். டேப்போடு எதிர்வீட்டுக்குப் போனேன். சண்முகவடிவு அத்தை தோசை மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குல என் வீட்ட அளக்க?"

"கோர்ட்டுக்கு அத்தை."

"அடப் பாவிகளா, ஒங்க சண்டையில என் வீட்டையும் புடுங்கப் போறியளா?"

வாசற்படி, முன்னறை, நடை, அடுப்படி. என் சரிவு கிரைண்டருக்குப் பக்கத்தில் முடிந்தது.

இசக்கியப்பனுக்குப் போன் செய்தேன். அவர் வேகமாகப் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

மார்ச் 4

மதுரை. விடியற்காலை பஸ் ஏறினால் மூன்றாவது வரிசையில் சித்தப்பா துண்டு போட்டு இடம்பிடித்து வைத்திருந்தார், அப்பாவுக்கு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோவில்பட்டி வரை பேசவில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கி உடைத்து ஆளுக்குப் பாதி தின்றார்கள். அதற்குப் பிறகும் பேசவில்லை.

எங்கள் கேஸ் மதியம்தான் வந்தது. சித்தப்பாவின் வக்கீல் என் தீர்ப்பை எடுத்து நீட்டினார். இசக்கியப்பன் எழுந்து, அதே தீர்ப்பை நானும் நம்புகிறேன் என்றார். நீதிபதி கண்ணாடியை இறக்கினார்.

"இருவரும் ஒரே தீர்ப்பையா?"

இசக்கியப்பன் பத்தி 16-ஐ வாசித்தார். வரைபடத்தைக் காட்டினார். பெருக்கிக் காட்டினார். வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாகத்தான் வைத்தார். இன்றைக்கு எனக்குக் கொட்டாவி வரவில்லை. "கீழ்க் கோர்ட் சொன்ன சரிவைக் கட்டினால், அது எதிர்வீட்டு அடுப்படியில் போய் முடியும். அவர்கள் இந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை" என்று முடித்தார்.

நீதிபதி சிரித்தார். பின்வரிசையில் சித்தப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

தீர்ப்பு பிறகு.

மார்ச் 13

இன்னும் இல்லை. தளத்தைத் திறந்து ஆறெழுத்தை அடிப்பது காலைக்கடன் ஆகிவிட்டது. சும்மா இருக்க முடியாமல் வேறு தீர்ப்புகளைப் படிக்கிறேன். ஒரு கோயில் யானையின் பராமரிப்பு, ஒரு கல்யாண மண்டபத்தின் சத்தம், பாம்பு கடித்த ஒரு கண்டக்டர். யாரோ ஒருவருக்கு வாழ்க்கை முழுவதும் அந்தத் தாளில் இருந்திருக்கிறது. முதல் வரியிலிருந்து படிக்கிறேன். வேறு காரணம் இல்லை, பொழுது போகிறது.

மார்ச் 24

வந்துவிட்டது.

நான் கடைசிப் பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். அக்கா என் கையை மௌஸிலிருந்து தட்டிவிட்டாள். "மொதல்லருந்து படி. ஒன் லட்சணம் தெரியும்."

படித்தேன், சத்தமாக, தமிழில் சொல்லிச் சொல்லி. அப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து நின்றார். பத்தி 8-இல் வந்தது: "சரிவு பொதுத்தெருவைக் கடந்து எதிர்வீட்டு அடுப்படியில் முடியும்." அம்மா கையைத் தட்டினாள்.

"தட்டாத" என்றேன். "இது வக்கீல் பேசுனது. நீதிபதி இன்னும் பேசல."

பத்தி 9, 10, 11, 12. சித்தப்பா பக்கத்து வாதம். நன்றாகத்தான் வாதிட்டிருந்தார்கள். அக்கா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், கதவு இருக்கிற பக்கம். பத்தி 14: "இந்நீதிமன்றம் கவனமாகப் பரிசீலித்தது." பத்தி 17:

"ஒருவரால் பயன்படுத்தவே முடியாத வழி, அவரைப் பொறுத்தவரை வழி அல்ல. கீழ்நீதிமன்றம் ஆலோசித்த சரிவை, பொதுத்தெருவையும் வழக்கில் தொடர்பில்லாதவரின் அடுப்படியையும் எடுத்துக்கொள்ளாமல் கட்ட இயலாது என்ற கணக்கை இந்நீதிமன்றம் ஏற்கிறது."

ஏற்கிறது. இது நீதிபதி. கடைசி வரி: மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது.

"இப்ப தட்டலாமா?" என்றாள் அம்மா.

அப்பா பக்கவாட்டுக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து வைத்தார். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. நன்றாக இருந்தது.

என் பெருக்கல் ஒரு ஹைகோர்ட் தீர்ப்பில் இருக்கிறது. பெரிய விஷயமில்லை. மூன்று பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

மார்ச் 26

சித்தப்பா முடுக்கின் தெருப்பக்க கேட் சாவிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார். "மாடிப்படிய பின்னால எறக்கணும். ஏல இஞ்சினியரு, படம் போட்டுத் தாரியா?"

"தாரேன் சித்தப்பா."

"அடுப்படிக்குள்ள எறக்கிராத."

சித்தி மதில்மேல் தூக்கை நீட்டினாள். இந்தத் தடவை பால் கொழுக்கட்டை.

மார்ச் 30

ஏப்ரல் 6-ஆம் தேதி பெங்களூர் வரச் சொல்லி மெயில். பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் பி.எல். படிக்க வயது வரம்பு என்ன என்று சும்மா பார்த்தேன்.

மாலை இசக்கியப்பன் வந்தார். முடுக்கு வழியாக வந்து பக்கவாட்டுக் கதவைத் தட்டினார். கையில் கேஸ் கட்டு இல்லை. இந்த மனிதரைக் கட்டு இல்லாமல் பார்த்ததே இல்லை.

"கேஸ் முடிஞ்சுட்டே சார், இன்னும் என்ன கையெழுத்து?" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். தலைகீழாக. அக்கா தன் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து இல்ல. ஒங்ககிட்ட ஒரு அளவு கேக்கணும்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டு வாசல்லயும் ஒரு சரிவு கட்டணும். மூணு படி. எவ்வளவு நீளம் விடணும்னு..."

"வீட்டுக்கு எதுக்குச் சரிவு? கட்சிக்காரங்க ஆபீஸுக்குத்தானே வாராங்க?"

அம்மாதான் வெளியே வந்தாள். "ஏல, ஊர்ல உள்ள தீர்ப்பெல்லாம் படிச்ச. ரெண்டு மாசமா வீட்டுக்குள்ள நடக்கறத ஒரு பத்தியாச்சும் படிச்சியா?"

அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்கூட்டி முதன்முதலில் வாங்கி, முடுக்கைத் தாண்டித் தெருவில் அவளாகவே ஓட்டிக்கொண்டு போன அன்று இருந்த முகம்.

ரிப்பன். காப்பி. டிராபிக். ஆபீஸ் சரிவு. ஏழு அடி என்று திட்டியபோது அவர் உடனே குறித்துக்கொண்டது.

"இதப் போன்லயே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"போன்ல கேக்கற விஷயமா சார் இது?"

"சார் எதுக்கு? நயினார்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வண்டியின் பின்னால் ஏறினேன்.

மூன்று படி, ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளம் வேண்டும். வீட்டுக்கு முன்னால் நல்ல முற்றம், ஒரு முருங்கை மரம். இரண்டு தடவை அளந்தேன். முருங்கையைத் தொடாமலே இடம் இருந்தது.